கம்போடியாவிலிருந்து வராத மீன்

எங்கள் வீட்டுக்கு முதல் மீனைக் கொண்டுவந்தவள் மகள். கோவையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தவள் விடுமுறைக்கு வந்தபோது ராஜபாளையத்தில் ஒரு கடையில் அதை வாங்கி, குடுவையோடு மடியில் வைத்துக்கொண்டு மம்சாபுரத்துக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வெளிறிய உடம்பு, ரத்தச் சிவப்பில் துடுப்புகள். "கம்போடியா ஃபைட்டரும்மா" என்றாள். விடுமுறை முடிந்தது. ஹாஸ்டலில் மீன் வளர்க்க விடமாட்டார்கள் என்பது கிளம்புகிற அன்றைக்குத்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மீன் ஃப்ரிட்ஜ் மேல் தங்கிவிட்டது.

என் கணவர் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கல்யாணமான நாளிலிருந்து அவர் வடக்கே, நான் இங்கே. வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்த வாரம் விருந்தாளி, அடுத்த வாரம் கொஞ்சம் பழக்கம், அதற்குள் டிக்கெட் தேதி வந்துவிடும். இப்படியே காலம் போனதால், அவர் ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது எங்கள் இருவருக்கும் என்ன பேசிக்கொள்வது என்று தெரியவில்லை. நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவேன். நிலத்தை அவருடைய தம்பி பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கை வைக்க என் கணவருக்கு விருப்பமில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்.

ஊரில் அவரை 'மிலிட்டரி' என்பார்கள். டீக்கடையில் "மிலிட்டரி, எத்தனை பேரச் சுட்டீக?" என்று கேட்பார்கள். அவர் சிரித்துவிட்டு டீயைக் குடிப்பார். ராணுவத்தில் அவர் சமையல்காரர். வீட்டில் எங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. மறைத்தார் என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மீன் வந்த பிறகு நாற்காலி ஃப்ரிட்ஜுக்கு எதிரே போனது.

ஒருநாள் நான் கம்பெனி முடிந்து வந்தபோது, "கம்போடியாவுல இருந்து இது எப்பிடி வந்திருக்கும்?" என்று கேட்டார். ஓய்வுபெற்று வந்தபின் அவராகக் கேட்ட முதல் கேள்வி என்று நினைக்கிறேன். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். மறுநாள் அவரே கடைக்குப் போனார். சாயங்காலம் நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அந்தக் கடையில் அவரோடு சேர்ந்துகொண்டேன்.

கடைக்காரர் ஒரு பாய். எங்களை விட இளையவர். சில வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். பேச்சில் கெட்டிக்காரர். சுவரோரம் கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு மீன். ஒன்றையொன்று பார்த்துச் சண்டைக்குத் துடுப்பை விரிக்காமல் இருக்க நடுவில் அட்டைத் துண்டுகள். ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. கம்போடியா, வியட்நாம், ஜப்பான் கோய், ஏலியன், டிராகன். ஒன்றில் 'சமாதான ஃபைட்டர்' என்றும் இருந்தது.

"கம்போடியாவுல இருந்து ஃப்ளைட்டுல சென்னை வரும்ணே. அங்க இருந்து நமக்கு பார்சல்" என்றார் பாய்.

"அம்புட்டு தூரம் சாவாதா?"

"சாவாதுண்ணே. ஃபைட்டருல்லா."

அன்றிரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவர், மீனைப் பற்றித் தேடி வாசிக்கச் சொல்லிப் போனை என்னிடம் நீட்டினார். அவருக்கு இந்தி நன்றாக வரும், இங்கிலீஷ் தட்டுத்தடுமாறும். நான் வாசித்துச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் சாப்பாடு முடிந்ததும் நான் வாசிப்பேன், அவர் கேட்பார், நடுவில் நிறுத்தி இன்னொரு தடவை என்பார்.

கம்போடியா என்பது ஊர் அல்ல, நிறம். வெளிறிய உடம்பும் சிவப்புத் துடுப்பும் எந்த மீனுக்கு இருந்தாலும், அது எங்கே பிறந்திருந்தாலும், அதற்குப் பெயர் கம்போடியா. இந்த ஃபைட்டர் இனத்தின் பூர்வீகம் தாய்லாந்து. அங்கே ஆழமில்லாத நெல்வயல்களிலும் ஓடைகளிலும் கிடக்கிற மீன். அந்த நாட்டுக்காரர்கள் அதைச் சண்டை மீன் என்று சொல்வதில்லை, கடிக்கிற மீன் என்றுதான் சொல்கிறார்கள். வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு திட்டுத் திட்டாக இருப்பதற்கு ஜப்பான் கோய் என்று பெயர். ஜப்பான்காரர்கள் குளத்தில் வளர்க்கும் பெரிய கெண்டையைப் போலத் திட்டுகள் இருப்பதால் அப்படி. ஜப்பானுக்கும் அதற்கும் வேறு சம்பந்தம் இல்லை. ஏலியன் என்பது காட்டு இனங்களை ஒன்றோடொன்று கலந்து எடுத்தது. கிரீடம் போல வால் கிழிந்திருக்கும் ஒரு வகையைத் தாய்லாந்தில் உண்டாக்கவில்லை, இந்தோனேஷியாவில் உண்டாக்கினார்கள். ஆனால் அதன் பெயரில் அந்த நாடு இல்லை.

"சமாதானம்னு ஒண்ணு இருந்துச்சே, அது?" என்றார்.

தேடி வாசித்தேன். அது காட்டு நீர்நிலைகளில் வாழும் வேறோர் இனம். இந்த ஃபைட்டரைவிடக் கொஞ்சம் கோபம் குறைவு என்பதால் அந்தப் பெயர். அதிலும் இரண்டு ஆண்களைச் சின்னத் தொட்டியில் விட்டால் சண்டை போடும் என்று எழுதியிருந்தது.

"பொறவு என்ன சமாதானம்?" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

பாயிடம் இன்னொரு நாள் நேராகவே கேட்டார். பாய் சிரித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். எல்லாம் சென்னையில் கொளத்தூரில் பெருக்குவதுதான். அங்கிருந்து பாலித்தீன் பையில் ஆக்ஸிஜன் அடைத்துப் பஸ் பார்சலில் வருவது. நான் இதைக் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் சொன்னேன். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "எங்களுக்கும் பூர்வீகம் ஆந்திரான்னு சொல்றாங்கக்கா. எங்க ஐயாவும் ஆந்திராவப் பாத்ததில்ல, அவிய அப்பாவும் பாத்ததில்ல. எனக்கு ராஜபாளையந்தான்" என்றாள்.

கொளத்தூரில் முடியுமென்றால் மம்சாபுரத்தில் ஏன் முடியாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு பெண் மீனை வாங்கிவந்தார். பெண்ணுக்கு நிறமும் குறைவு, துடுப்பும் குட்டை. கடைகளில் பெரும்பாலும் வைக்கவே மாட்டார்கள். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் விட்டு, வாதாங்கொட்டை மரத்தின் காய்ந்த இலையைப் போட்டார். தண்ணீர் டீ டிகாஷன் நிறத்துக்கு மாறியது. ஆண் மீன் மேலே வந்து காற்றை வாங்கி எச்சில் குமிழாக விட்டு ஒரு நுரைக் கூடு கட்டியது. முட்டை விழுந்ததும் பெண்ணைப் பிடித்து வெளியே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆண் அடித்தே கொன்றுவிடும். அதன்பிறகு முட்டைக்குக் காவல் இருப்பதெல்லாம் ஆண்தான். கீழே விழும் முட்டையை வாயால் எடுத்துத் திரும்பக் கூட்டில் வைத்துக்கொண்டே இருந்தது. என் கணவர் அன்று டீக்கடைக்கும் போகவில்லை.

முதல் தடவை குஞ்சுகள் எல்லாம் செத்தன. அடுத்த தடவையும் செத்தன. அதற்கடுத்து கொஞ்சம் பிழைத்தன. வளர்ந்தபோது ஆண்களைத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அத்தனைக்கும் பாத்திரம் எங்கே போவது? மிலிட்டரி கேன்டீனில் ரம் வாங்கும் ஓய்வுபெற்ற ஆட்களிடம் காலி பாட்டில்களைக் கேட்டு வாங்கி மொட்டைமாடியில் அடுக்கினார். அவர் குடிக்க மாட்டார். இது தெரிந்தும் எதிர்வீட்டு அக்கா ஒருநாள் எங்கள் மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க வந்தவள் நின்றுவிட்டாள்.

"ஏட்டி, எம்புட்டுக் குடிச்சிருக்காக உன் வீட்டுக்காரரு!"

"உள்ள பாருக்கா. ஃபைட்டர் மீனு. இங்கிலீஷ்ல பெட்டான்னு பேரு."

"வாலைப் பாத்தா சேவல் கணக்கா இருக்கு. இதைப் போயி பெட்டைங்கியே" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனாள்.

வளர்ந்த மீன்களைப் பாயிடம் கொடுக்க ஆரம்பித்தார். பெரும்பாலும் நான்தான் வேலைக்குப் போகும்போது பையில் வைத்து எடுத்துப்போவேன். கூட்டமான பஸ்ஸில் கண்டக்டர் என் பைக்கு மட்டும் வழிவிடச் சொல்லும் அளவுக்கு அது பழகிப்போனது.

ஒரு சனிக்கிழமை அவரும் ராஜபாளையம் வந்திருந்தார். இருவரும் கடைக்குள் போனோம். ஒரு கணவன் மனைவி மீன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டம்ளர் வரிசையில் எங்கள் மீன் ஒன்று இருந்தது. ஒரு பக்கச் செவுள் துடுப்பு வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. அவர் மாடியில் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்த மீன். டம்ளரில் 'வியட்நாம் இம்போர்ட்டட்' என்று ஒட்டியிருந்தது.

"பாய், இது எங்க வீட்டு மீனு."

"ஆமாண்ணே" என்றார் பாய் குரலைத் தாழ்த்தி.

"வியட்நாம்னு போட்டிருக்கு."

"அது கஸ்டமருக்குண்ணே."

"மம்சாபுரத்துல இருந்துல்லா கொண்டாந்து தாறோம்?"

"அண்ணே, மம்சாபுரத்துக்கு இந்தா பஸ்ஸு போய்க்கிட்டே இருக்கு. பஸ்ஸு போற ஊரு மீனுக்கு என்ன மவுசு இருக்கு, சொல்லுங்க. ராஜபாளையம் நாயின்னு ஊரு ஊரா விக்காங்களே, அம்புட்டும் இங்கயா குட்டி போட்டுச்சு? மதுரையில விக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அம்புட்டும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயா கிண்டுனது?"

"அவன் செஞ்சா அவனைக் கேக்கணும். இங்க உங்களக் கேக்கேன்."

மீன் பார்த்துக்கொண்டிருந்த ஆள் திரும்பி, "அப்ப இது வியட்நாம் இல்லையா?" என்றார்.

பாய் அவரிடம் சமாதானமாகச் சொன்னார்: "ஒண்ணுமில்ல சார். அண்ணன் மிலிட்டரி. எல்லையில துப்பாக்கி பிடிச்சு நின்ன மனுசரு. செத்த நேரம் கோவம் வரும், போயிரும்."

என் கணவர் பாய் பக்கம் திரும்பினார். பிறகு கோபமே இல்லாமல், டீக்கடையில் சில்லறை கேட்பதுபோலச் சொன்னார்:

"நான் எல்லையில நிக்கல. நின்னவனுக்கு ரொட்டி சுட்டுப் போட்டேன். துப்பாக்கிய ட்ரெய்னிங்ல தொட்டதுதான். பொறவு தொட்டதெல்லாம் பூரிக்கட்டை. நீங்க பாட்டுக்கு ஒண்ணைச் சொல்லாதீக பாய். மீனுக்கும் சொல்லாதீக, எனக்கும் சொல்லாதீக."

அந்த அம்மாள் சிரிக்கலாமா என்று தன் கணவரைப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. பொது இடத்தில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் டம்ளரோடு மீனை எடுத்துக்கொண்டார். பாய் தடுக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் அதை மடியில் வைத்திருந்தார். மம்சாபுரத்தில் இறங்கியதும், "தப்பாப் பேசிட்டேனா?" என்றார். இல்லை என்றேன்.

அதன்பிறகு கடைக்கு மீன் கொடுக்கவில்லை. ஆனால் மீன்கள் பெருகுவதை நிறுத்தவில்லை. மொட்டைமாடி நிரம்பியது, படிக்கட்டில் ஏறியது, கடைசியில் சமையலறை மேடைக்கும் வந்தது. நான் பாட்டில்களுக்கு நடுவே காய் நறுக்கினேன்.

ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தபோது எதிர்வீட்டு அக்காவின் மகன் வாளியில் பனையேறிக் கெண்டை பிடித்துக்கொண்டுவந்தான். ஈர ரோட்டில் செவுளை ஊன்றி ஊர்ந்து போய்க்கொண்டிருந்ததாம். என் கணவர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மேலே வந்து வாயைத் திறந்து காற்றை வாங்கிவிட்டுக் கீழே போனது. ஃபைட்டர் செய்வதும் அதுதான். அன்றைக்கு வாசிக்க வேண்டியது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவை, தலைக்குள் காற்றை வாங்கி வைக்க ஓர் உறுப்பு உள்ளவை, தூரத்துப் பங்காளிகள். பனையேறிக் கெண்டை கெண்டையே அல்ல என்றும் இருந்தது.

"பனை ஏறுமா?" என்றார்.

"ஏறி யாரும் பாத்ததா எழுதல."

அவர் ஊரில் கேட்டுப் பார்த்தார். எல்லாரும் ஏறும் என்றார்கள். நீங்க பார்த்தீகளா என்றால், பார்த்தவர் பெயரைச் சொன்னார்கள். பார்த்தவரிடம் போனால் அவர் வேறொருவர் பெயரைச் சொன்னார். இதில் அவருக்கு ஒரு வாரம் ஓடியது. திரும்பி வந்து, "பாயி மட்டும் இல்ல, நாமளும் அப்பிடித்தான்" என்றார். கோபம் தணிந்திருந்தது என்று நான் புரிந்துகொண்டேன்.

பாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பால்கோவா பொட்டலம். "ஸ்ரீவில்லிபுத்தூர்லயே வாங்குனதுண்ணே. அடுப்புக்கு முன்னாடி நின்னு வாங்குனேன்" என்றார். என் கணவருக்கு உதடு கொஞ்சம் அசைந்தது.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். சேத்தூரிலிருந்து ஒரு ஆசிரியர் சமாதான ஃபைட்டர் இரண்டை வாங்கிப்போய் ஒரே தொட்டியில் விட்டிருக்கிறார். காலையில் ஒன்று மிதந்திருக்கிறது. கடைக்கு வந்து, சமாதானம் என்று எழுதியிருந்ததால்தானே சேர்த்து விட்டேன் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டுப் போனாராம். வெளியூர்ப் பார்சலிலும் பாதி செத்து வருகிறது, உங்கள் வீட்டு மீன் ஒன்றுகூட அப்படிப் போனதில்லை என்றார் பாய்.

"உள்ளூர்த் தண்ணியில பொறந்தது. எங்க போயிச் சாவப் போகுது" என்றார் என் கணவர். பிறகு சமையலறைக்குப் போனார். பாட்டில்களை ஓரமாக நகர்த்தி, மாவு பிசைந்து, ரொட்டி சுட்டு, பருப்பு தாளித்தார். வீட்டில் அவர் சமைத்து நான் அதற்கு முன் சாப்பிட்டதே இல்லை. லீவில் வருபவரை யார் அடுப்படிக்கு விடுவார்கள்? ரொட்டிகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே வட்டத்தில் இருந்தன. பாய் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "இதை எல்லையில நின்னவன் தினமும் சாப்பிட்டானா?" என்றார். "கொறையும் சொன்னான்" என்றார் என் கணவர்.

பேச்சு முடிந்தபோது ஒரு ஏற்பாடு ஆகியிருந்தது. எங்கள் மீனுக்கு 'மம்சாபுரம் ஃபைட்டர்' என்று பெயர். கீழே 'பூர்வீகம் தாய்லாந்து, பிறந்தது மம்சாபுரம்' என்று இருக்க வேண்டும். பாய் ஒத்துக்கொண்டார். மேல் வரியைப் பெரிய எழுத்தில் பளபளவென்று அடித்தார். கீழ்வரியைப் படிக்கக் கண்ணாடி போட வேண்டும். என் கணவர் அதை ஒன்றும் சொல்லவில்லை. எழுத்து சிறியதாக இருப்பது பொய் ஆகாது என்று நினைத்தாரோ என்னவோ.

ஆச்சரியம், விற்றது. தென்காசி ரோட்டில் கேரளாவிலிருந்து வருகிறவர்களுக்கு மம்சாபுரம் பஸ் போகிற ஊர் இல்லையே.

போன வருடம் உறவில் ஒரு கல்யாணத்துக்கு மதுரைக்குப் போனோம். மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மீன் கடை. தாலி கட்டி முடிந்ததும் அவர் காணாமல் போய்விட்டார். தேடிப்போனபோது கடைக்குள் ஒரு தொட்டிக்கு முன் நின்றிருந்தார். தொட்டியில் நீல நிற மீன் ஒன்று. மேலே 'மம்சாபுரம் ஃபைட்டர்' என்று இருந்தது. கீழே இரண்டாவது வரி இல்லை. நாங்கள் நீலம் வளர்த்ததே இல்லை.

"இது எங்க இருந்து வருது?" என்று கடைக்காரரிடம் கேட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. கல்யாணத்துக்கு வந்த இடத்தில் பூரிக்கட்டை கதை வந்துவிடுமோ என்று சட்டைக் கையைப் பிடித்தேன்.

"மம்சாபுரம் சார். மலேசியாப் பக்கம் ஒரு தீவு. நேரா இம்போர்ட்டு."

என் கணவர் தலையை ஆட்டினார். "தீவா?"

"ஆமா சார். சின்னத் தீவு."

வெளியே வந்ததும் மண்டபத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வழியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. பல் வரிசையில் பின்னால் ஒன்று இல்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

"பாயிட்ட சொல்லணும்" என்றார். "நம்ம ஊரு தீவாயிருச்சுன்னு."

"போய்ச் சொல்லுங்க. இப்ப பந்தி போட்டாச்சு, வாங்க."

உள்ளே போய் உட்கார்ந்தோம். சாம்பார் வந்தபோது ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, புளி அதிகம், பருப்பு வேகவில்லை என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.